பச்சைத் தண்ணீர் வந்த பக்கம்

வருகிற திங்கட்கிழமை நீ மலைக்குக் கிளம்புகிறாய். சரிந்து விழக்கூடிய இடங்களில் துளை போட்டுக் குழாய் இறக்கி, நிலத்துக்கு அடியில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. வேலைக்கான உத்தரவு வந்த அன்று என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாய். "அம்மா, நீ பார்த்த வேலதாம்மா! அதே வேல!" என்றாய். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். நாலு நாளாக உன் எதிரில் உட்காருகிறேன், சாப்பாடு போடுகிறேன், எழுந்து போகிறேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியும். பேப்பரை விரித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் இடது புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பு பஸ் படியில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். ஒரு பெண் என்னை மண்வெட்டிக் காம்பால் அடித்தாள். பயமுறுத்த அல்ல, கொல்லத்தான் அடித்தாள். இரண்டு பேர் அவளைக் கட்டிப் பிடிக்காமல் இருந்திருந்தால் அடுத்த அடியில் என் மண்டை பிளந்திருக்கும். அவள் அடித்ததற்கு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை உனக்குச் சொல்லாமல் மலைக்கு அனுப்பி வைத்தால், அன்றைக்குச் செய்த தப்பை நான் மறுபடியும் செய்தவள் ஆவேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் இரண்டு மழைக்காலம் நான் நீலகிரியில் இருந்தேன். அரசாங்க நிலத்தடி நீர்த் துறையில் நான் தண்ணீர் பரிசோதிக்கும் ரசாயனப் பிரிவு. ஆனால் சரிவுகளை ஆராய ஒரு குழு போனபோது, சாயம் கலந்து தண்ணீர் போகிற வழியைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். அங்கே ஒரு தேயிலைச் சரிவு என் கண் முன்னால் இறங்கியது. மரங்கள் நின்ற நிலையிலேயே கீழே நடந்து வந்தன. ஒரு மாட்டுக் கொட்டகை அப்படியே மிதந்து வந்து, பாறையில் மோதி, தீப்பெட்டி மாதிரி நசுங்கியது. உள்ளே கட்டியிருந்த மாடுகள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தண்ணீர் மண்ணைக் கரைத்துத்தான் மலையைச் சரிக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. ஈர மேடையில் சூடான டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அது தானாக நகர்வதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அடியில் மாட்டிக்கொண்ட காற்று டம்ளரைத் தூக்கிக் கொடுக்கிறது. மண்ணுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீரும் அதைத்தான் செய்கிறது. வெளியே போக வழி கிடைக்காத தண்ணீர் தனக்கு மேலே இருக்கிற மலையை முதுகால் தூக்குகிறது. தூக்கின பிறகு மலைக்குப் பிடிமானம் ஏது? இதை அங்கே படித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவளாக மலையிலிருந்து இறங்கி வந்தேன். கல்யாணம் ஆனது. உன் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, ஆவடியில் குவார்ட்டர்ஸ். நீ பிறந்தாய்.

உனக்கு எட்டு வயது நடக்கும்போது ஒருநாள் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். பருத்திப்பட்டைத் தாண்டிப் பூந்தமல்லிக்குப் போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செங்கல் சூளைகளுக்கு மண் எடுக்கிற ஒரு பெரிய பள்ளம் இருந்தது. நாலு ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மேற்கே ஒரு சின்ன ஏரி, அதன் கரையை ஒட்டினாற்போல் இந்தப் பள்ளம். முந்தைய மழையில் வடக்குச் சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, மண் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவனை லாரியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஏரித் தண்ணீர் நிலத்துக்கு அடியில் வந்து சுவரைத் தள்ளுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போக வேண்டிய நிலவியல்காரர் நீண்ட விடுப்பில் இருந்தார். "மலைச் சரிவையே பார்த்துட்டு வந்தவங்க, இந்தப் பள்ளம் உங்களுக்கு எம்மாத்திரம்?" என்று என்னை அனுப்பினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரசாயனக் குடுவை கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மறுபடியும் வெயில்.

பள்ளத்துக்குள்ளேயே, வடக்குச் சுவருக்குக் கீழே, பதினோரு குடிசைகள். மண் வெட்டுகிறவர்களும் சுமக்கிறவர்களும் அங்கேயே குடியிருந்தார்கள். அவர்களை மேய்க்க தணிகாசலம் என்று ஒரு மேஸ்திரி. நெட்டையான ஆள், யாரையும் அதட்டித்தான் பேசுவார், ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் அவர்தான். வேலைக்காரப் பெண்களில் கன்னியம்மா என்று ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷன் முருகேசன் வெட்டுவான், இவள் சுமப்பாள். கூடமாட இருக்கட்டும் என்று அவளுடைய தங்கை செல்வியையும் அழைத்து வைத்திருந்தாள். முதல் நாளே எனக்கு மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "இன்னாம்மா, தண்ணிக்கு வைத்தியம் பாக்க வந்துகிறியா?" என்று கேட்டவள் அவள்தான்.

நான் எப்படி வேலை பார்த்தேன் என்று உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீயும் இப்படித்தான் பார்ப்பாய். கிணறுகளில் நாடா இறக்கி நீர்மட்டம் எடுத்தேன். நாடாவின் முனையில் ஒரு ஈயக் குண்டு இருக்கும், அது தண்ணீரைத் தொடும்போது 'டொப்' என்று சத்தம் வரும். மூன்று கிணறுகள் எடுத்தேன். மூன்றும் ஏரிக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவே இருந்தவை. மட்டம் ஏரியிலிருந்து வடகிழக்காக இறங்கியது. நிலத்தின் சாய்வும் அப்படியே. மலையில் பார்த்த அதே ஒழுங்கு, நிலம் சாய்கிற பக்கம் தண்ணீரும் போகிறது. பிறகு கரையை ஒட்டிய கிணற்றில் சாயத்தைக் கரைத்து ஊற்றினேன். அந்தச் சாயம் கையில் இருக்கும்போது செங்கல் பொடி மாதிரி இருக்கும், தண்ணீரில் விழுந்த கணம் இளம் பச்சையாக ஒளிரும். கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "கிளி கணக்கா கீதும்மா!" என்றாள். நாலாவது நாள் வடக்குச் சுவரின் கசிவில் பச்சை வந்தது. நான் அங்கேயே நின்று கை தட்டினேன். நோட்டில் தேதி போட்டு, "உறுதி" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

தெற்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு பாழுங்கிணறு இருந்தது. அதைச் சுற்றி வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த முள்ளுக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. தெற்குச் சுவரில் எங்காவது பச்சை வருகிறதா என்றும் போய்ப் பார்க்கவில்லை. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது வந்துவிட்டது, இனி என்ன என்று இருந்துவிட்டேன். இதை நீ இரண்டு தரம் படி.

கன்னியம்மா என்னை விடவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெற்குச் சுவருக்குக் கூட்டிப் போனாள். "ஆபீசரம்மா, அங்கியே பாத்துகினு கீறியே, இங்க பாரு. அடியில மண்ணு உப்பிகினு வருது. கடப்பாரைய குத்துனா உள்ள இழுக்குது."

குனிந்து தொட்டுப் பார்த்தேன். கெட்டிக் களிமண். கசிவே இல்லை. "இது மழை ஈரம் கன்னியம்மா. ஒண்ணுமில்ல," என்றேன்.

"மழ பேஞ்சி பத்து நாளாவுது. இன்னும் இன்னா ஈரம்?"

நான் சிரித்தேன். படித்தவர்களுக்கு அது ஒரு வசதி, தெரியாத இடத்தில் சிரித்துவிடலாம். அவளும் மரியாதைக்காகச் சிரித்தாள்.

அன்று மாலை மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வடக்குப் பக்கம் ஆபத்து. மழை பிடிக்கறதுக்குள்ள எல்லாக் குடிசையையும் தெற்குச் சுவர்ப் பக்கம் மாத்திடுங்க." தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "எய்தி குட்த்துடுங்கம்மா. மொதலாளி கேப்பாரு," என்றார். "அறிக்கை மேலே போய்த்தான் வரும். அதுக்கெல்லாம் நாளாகும். நான் சொல்றேன்ல?" என்றேன். அவர் மாற்றினார். எல்லோரும் நகர்ந்தார்கள், கன்னியம்மாவைத் தவிர. மேஸ்திரி அதட்டியும் அவள் அசையவில்லை. நேராக என்னிடம் வந்தாள். "நீ சொல்றியா, தெக்கால நல்லதுன்னு?" என்றாள். "ஆமா," என்றேன். "செரி. நீ படிச்சவ," என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பிரிக்கப் போனாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை நான் மட்டம் எடுக்கப் போனேன். மழையில் வேலை கிடையாது, எல்லோரும் குடிசைக்குள் இருந்தார்கள். புகை எழுந்துகொண்டிருந்தது. நான் வடக்குப் பக்கக் கிணற்றில் நாடாவை இறக்கியபடி, வடக்குச் சுவர் எப்போது விழும் என்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப் பொழுது இருக்கும். கிணற்றுத் தண்ணீர் நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். தெற்குச் சுவரின் அடி, வயிறு மாதிரி முன்னால் தள்ளியது. வெடித்தது. வெடித்த பிறகுதான் சத்தம் வந்தது, பத்து லாரிக் கருங்கல்லை ஒரே நேரத்தில் கொட்டினது போல. மேலே இருந்த முள்ளும் பனையும் அந்தப் பாழுங்கிணறும் சேர்ந்து உள்ளே இறங்கின. பதினோரு குடிசையில் ஏழு குடிசை, நான் வாயைத் திறப்பதற்குள், அந்த இடத்தில் இல்லை.

ஓடினேன். கையில் நாடாவோடு. மண் இடுப்பளவு சேறாகக் கொதித்துக்கொண்டு இருந்தது. தப்பினவர்கள் கையால் தோண்டினார்கள், சட்டியால் தோண்டினார்கள். ஒரு பெண்ணின் தலைமுடி மட்டும் வெளியே தெரிந்தது, இழுத்தால் முடி கையோடு வந்தது. ஒருவன் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான், அது மெத்தென்று எதிலோ இறங்கி நின்றது. அவன் கடப்பாரையை விட்டுவிட்டுத் தன் முகத்திலேயே அறைந்துகொண்டு கத்தினான். நானும் தோண்டினேன். என் கைக்கு ஒரு கால் கிடைத்தது, கொலுசு போட்ட கால், இன்னும் சூடாக இருந்தது. செல்வி. இழுத்து வெளியே போட்டோம். வாய் நிறைய களிமண். விரல் விட்டுத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. ஏழு பேர் செத்தார்கள். முருகேசனை எடுக்கும்போது அவன் முதுகு நடுவில் மடிந்திருந்தது.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். உடைந்த சுவரின் அடியில் ஒரு மணல் படுகை வெளியே தெரிந்தது, ஏதோ ஒரு காலத்துப் பழைய ஆறு. அது ஏரிக்கு அடியிலிருந்து வளைந்து, நிலத்தின் சாய்வுக்குக் கட்டுப்படாமல், தெற்காக வந்திருக்கிறது. பள்ளத்தின் முகத்தில் களிமண் அதன் வாயை அடைத்திருந்தது. அதனால்தான் அங்கே கசிவு இல்லை. கசிவு இல்லாததை நான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டேன், அங்கே தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முதுகைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது வாய் திறந்துவிட்டது. நான் சாயம் ஊற்றியதிலிருந்து ஆறு வாரமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் பீறிட்டு வந்தது. பச்சை. கிளிப் பச்சை. செத்துக் கிடந்தவர்களின் மேலெல்லாம் அந்தப் பச்சை ஓடியது.

அதற்குள் சூளைகளிலிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பள்ளத்தின் முதலாளியான குத்தகைக்காரர் எங்கே என்று தேடினார்கள், அவர் இல்லை. ஒரு லாரிக்குத் தீ வைத்தார்கள். மழையிலும் அது எரிந்தது. பிறகு சேற்றில் தோண்டிக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பிடித்தார்கள். "எவன்டா குடிசைய இங்க போடச் சொன்னது?" என்று ஒருவன் அவர் கழுத்தைப் பிடித்தான். "ஆபீசுல சொன்னாங்கடா, ஆபீசுல..." என்றார். "எந்த ஆபீசு? எய்த்து எங்கடா? காட்டு!" எழுத்து இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை, கை நீட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் சொல்லட்டும் என்று விட்டார். நான் சொல்லவில்லை. யாரோ, "பாவம்பா, பொம்பள, நவுத்துங்க," என்று என்னை ஓரமாகத் தள்ளினார்கள். நான் நகர்ந்தேன். அவரைக் கீழே போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. ஒருவன் அரை செங்கல்லை எடுத்து முகத்தில் இறக்கினான். அவருடைய இடது கண் போனது என் கண் முன்னால். ஒரே ஒரு வார்த்தை, "நான்தான்" என்று ஒரு வார்த்தை போதும் அவரை விடுவிக்க.

கன்னியம்மா அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தாள். கேனோடு வந்தாள். புருஷனையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் அழவில்லை. குனிந்து, தங்கையின் கன்னத்தில் இருந்த தண்ணீரை வழித்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். என்னிடம் நடந்து வந்தாள்.

"இது நீ ஊத்துன கலருதானே?"

"ஆமா," என்றேன்.

"நான் சொன்னேனே."

"எனக்குத் தெரியல கன்னியம்மா."

"நான் சொன்னேனேம்மா. நான் சொன்னேனே உங்கிட்ட."

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். தகடு கழன்று விழுந்தது, காம்பு மட்டும் கையில் இருந்தது. அது கழலாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. முதல் அடி புருவத்தில். நான் கையை உயர்த்தவில்லை. வீரத்தால் அல்ல, கை எழவில்லை. அவளைப் பிடித்தவர்கள் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் தெளிவான புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு உன் அப்பா ஓடி வந்தார். ஏழு தையல். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்து பேசினார். "ஏட்டி, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. உன் வாய்லேருந்து வேற ஒரு சொல்லு வரக்கூடாது, கேட்டியா? உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாம்னா புள்ளைக்கு யாருட்டி?" அவரைக் குறைவாக நினைக்காதே. தொழிற்சாலையில் ஒரு துரும்பை வீட்டுக்குக் கொண்டு வராத மனுஷன். பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்த அன்றே என் களக் குறிப்பு நோட்டை வெந்நீர் அடுப்பில் வைத்துக் கொளுத்தினார். நான் பக்கத்தில் நின்று, எரியாத தாள்களைக் குச்சியால் தள்ளிக்கொடுத்தேன். தணிகாசலத்தைப் போலீஸ் வைத்திருந்தது. குடிசைகளைத் தானாக மாற்றி ஏழு பேர் சாவுக்குக் காரணமானவர் என்று அவர் மேல் வழக்கு.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. அந்த அரைப் பரீட்சை விடுமுறையில் ஒருநாள், குவார்ட்டர்ஸ் குழாயடியில் நீ மண்ணைக் குவித்து அணை கட்டி, அதற்குக் கீழே தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "அம்மா, இப்ப தண்ணி விட்டா இந்த வீடெல்லாம் எப்படிப் போவுது பாரேன்!" என்று சொம்பைச் சாய்த்தாய். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நடுவில் நடுவில்தான் ஞாபகம் இருக்கிறது. துணி அடிக்கிற கட்டை கையில் இருந்தது. நீ கையால் தலையை மறைத்துக்கொண்டாய், நான் கையிலேயே அடித்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினார். உன் முழங்கை புடைத்து நீலமாகிவிட்டது. நீ ஓடவில்லை. சுவரோடு ஒண்டிக்கொண்டு, "நான் என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டாய். செய்யாத தப்புக்கு ஒருவன் அடிபடுவதை நான் அந்த மாதத்தில் இரண்டாம் தரம் பார்த்தேன். நீ அதற்குப் பிறகு மண்ணில் விளையாடவே இல்லை. அதைக் கவனித்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை விசாரணை நடத்திய அதிகாரியிடம் போனேன். நோட்டு இல்லாததால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, மூன்று கிணறு, நாலாவது கிணறு, சாயம், கன்னியம்மா சொன்னது, மேஸ்திரி எழுதித் தரச் சொன்னது, நான் கொடுக்காதது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை எரித்ததையும் எழுதினேன், நான் எரித்ததாக. என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். வெகு காலம் கழித்துத் திரும்ப எடுத்தபோது குடுவை கழுவுகிற அறைக்கு அனுப்பினார்கள், விருப்ப ஓய்வு வாங்கும் வரை அங்கேதான் இருந்தேன். உன் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. தணிகாசலத்தை விட்டுவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சொன்னதுக்கு சந்தோசம்மா. அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தக் கண்ணு மிஞ்சியிருக்கும்," என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். குத்தகைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தைக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மூடினார்கள். சில வருஷத்தில் மனைகளாக்கி விற்றார்கள். இன்று அந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன, மொட்டை மாடியில் துணி காய்கிறது. அங்கே குடியிருப்பவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏரி இன்னும் மேற்கேதான் இருக்கிறது.

உனக்கு நான் என்ன புத்தி சொல்ல? உன் கருவிகள் என்னுடையதைவிட நல்லவை. ஆனாலும் மழையில்லாத நாளில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு மழைக்கால வார்த்தை பேசாதே. முள் இருக்கிற கிணற்றுக்கு முதலில் போ. சாயம் எதிர்பார்த்த இடத்தில் வந்துவிட்டால், அன்றைக்குத்தான் வேலை ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள், வராத இடங்களில் ஏன் வரவில்லை என்று பார். தேயிலை பறிக்கிற ஒருத்தி வந்து, 'இங்கே மண் உப்புகிறது' என்றால், அவள் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள். தெரியாதபோது தெரியாது என்று சொல். அந்த வார்த்தையைச் சொன்னதால் செத்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. யாராவது உன்னிடம் எழுதித் தரச் சொன்னால் எழுதிக்கொடு, எழுதிக் கையெழுத்துப் போட முடியாத ஒன்றை வாயால் சொல்லாதே. அப்படியும் தப்பு நேரும். நேர்ந்தால், நீ செய்ததற்காக இன்னொருவனை அடிக்கிற இடத்தில் நீ நின்றால், கத்து. உன்னையும் சேர்த்து மிதித்தாலும் கத்து. வாங்கின அடி ஆறிவிடும், ராசா. நான் வாங்கினது ஆறிவிட்டது. வாங்காமல் விட்டதுதான் ஆறவில்லை.

கன்னியம்மா உயிரோடு இருக்கிறாள். குமணன்சாவடி முச்சந்தியில், பெங்களூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கூடை வைத்து வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் விற்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் நாலைந்து தரம் போய் நின்றிருக்கிறேன். ஒரு தரமும் என்னோடு பேசியதில்லை. வேறு ஆளுக்கு விற்பது போல எனக்கும் விற்பாள். போன வியாழக்கிழமை போனேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது. "என் பையன் மலைக்கு வேலைக்குப் போறான் கன்னியம்மா. நான் பார்த்த அதே வேல," என்றேன். கொய்யாவை அறுத்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, முதல் தரமாக என் தழும்பைப் பார்த்தாள்.

"அங்கியும் சனங்களை இங்க பட்த்துக்கோ, அங்க பட்த்துக்கோன்னு சொல்லுவானா உன் புள்ள?"

"சொல்ல வேண்டி வரும்," என்றேன்.

"அப்ப அவனாண்ட சொல்லு. எந்த எடம் நல்லதுன்னு சொல்றானோ, அங்க மொதல்ல அவன் பாய போட்டுப் பட்த்துக்கட்டும். மழ உடுறவரிக்கும். அப்பால மத்தவங்களைக் கூப்புடட்டும்."

அதைச் சொல்லிவிட்டு அறுத்த கொய்யாவில் உப்பும் மிளகாய்த் தூளும் தடவி என் கையில் கொடுத்தாள். அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள்.

உன் பெட்டியில் ஸ்வெட்டர்களுக்கு அடியில் ஒரு பாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கனமாக இருக்கிறதே என்று எடுத்து வெளியே போட்டுவிடாதே.

அம்மா